ஜனவரி ஒன்றில் பிறக்காதவர்கள்

ஏதாவது ஓர் இணையதளத்தில் பயனர் பக்கத்தைத் திறந்தால் பெயர் இருக்கும், படம் இருக்கும், கீழே பிறந்த தேதி இருக்கும். மூன்றில் ரொம்பச் சாதுவாகத் தெரிவது தேதிதான். நிரல் எழுதுகிறவர்களைக் கேட்டால், அது அவ்வளவு சாது இல்லை என்பார்கள்.

நான் வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவன். போன வருடம் முதியோருக்கான ஒரு தொண்டு அமைப்பின் தளத்தைச் சீர்செய்யும் வேலை வந்தது. டிரூப்பலில் கட்டிய தளம். உறுப்பினர் பக்கத்தில் பிறந்த தேதி 1960-01-01 என்று வறட்டுத்தனமாகத் தெரிகிறது, அதைத் தமிழில் நன்றாகக் காட்ட வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

இதில் பெரிய வேலை ஒன்றுமில்லை. தேதி வடிவங்களுக்கென்று டிரூப்பலில் தனியாக ஓர் அமைப்புப் பக்கம் இருக்கிறது. நாள், மாதப் பெயர், ஆண்டு என்று வரிசை சொல்லிவிட்டால் ‘1 ஜனவரி 1960’ என்று வந்துவிடும். மாதத்தை எழுத்தில் காட்டினால் 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற அமெரிக்கக் குழப்பமும் இல்லை. இன்னொரு பழைய தொல்லை நேர மண்டலம். பிறந்த தேதியை இந்திய நள்ளிரவாகச் சேமித்தால், உலக நேரப்படி அது முந்தைய நாள் மாலை 6.30. அந்தக் கணக்கில் காட்டும் தளத்தில் எல்லாரும் ஒரு நாள் முன்னாலேயே பிறந்துவிடுவார்கள். ‘தேதி மட்டும்’ என்று அமைத்த புலத்தை டிரூப்பல் உள்ளுக்குள் நண்பகல் 12 மணியாக எடுத்துக்கொள்வது இந்த வம்பைத் தவிர்க்கத்தான். எல்லாம் தீர்ந்துபோன சிக்கல்கள்.

வடிவத்தை மாற்றிவிட்டு உறுப்பினர் பட்டியலை உருட்டினேன். 1 ஜனவரி 1950. 1 ஜனவரி 1955. 1 ஜனவரி 1960. மறுபடியும் 1 ஜனவரி 1955. நடுநடுவே சில ஜூன்கள். எண்களாக இருந்தபோது கண்ணில் படாதது, தமிழில் எழுத்தாக வந்ததும் பளிச்சென்று தெரிந்தது.

ஜூனுக்குக் காரணம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பள்ளி திறக்கும் மாதம் அது. பையனின் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். அதற்குத் தோதாக வாத்தியார் ஒரு ஜூன் தேதியை எழுதிக்கொள்வார். என் அப்பா 1958 ஜூனில் பிறந்தது அப்படித்தான்.

ஜனவரி ஒன்று பள்ளிக்கூடமே போகாதவர்களின் தேதி. என் அத்தையின் தேதி.

அத்தை அப்பாவுக்கு அக்கா. செங்கம் பக்கத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்தவர். “ஒங்கப்பன இடுப்புல தூக்கிக்கினு ஆடு மேய்ச்சிருக்கேன்டா” என்று இன்றைக்கும் சொல்வார். தம்பியை இடுப்பில் சுமக்கிற பெண்ணுக்கு அப்போது நாலைந்து வயதாவது மூப்பு இருந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 1953, 54க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது.

1990களில் வாக்காளர் அடையாள அட்டை வந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் வயது கேட்டிருக்கிறார்கள். “முப்பத்தஞ்சுன்னு போடு” என்றாராம் அத்தை. இது அத்தையின் பழக்கம் மட்டுமில்லை. உலகம் முழுக்க, பிறப்புப் பதிவு குறைவாக இருக்கும் ஊர்களில், வயது கேட்டால் 0 அல்லது 5 என்று முடிகிற எண்ணாகவே பதில் வரும். அந்தக் குவியலை அளக்க மக்கள்தொகை ஆய்வாளர்களிடம் விப்பிள் குறியீட்டெண் என்று ஓர் அளவுகோலே உண்டு.

அந்தப் பழைய அட்டையில் பிறந்த தேதி கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘1.1.1995 அன்று வயது: 35’ என்றுதான் அச்சிட்டிருக்கும். அப்போது ஜனவரி ஒன்றுதான் வாக்காளர் பட்டியலுக்கான தகுதி நாளாக இருந்தது, அதனால் அந்தத் தேதி. என்னைக் கேட்டால் மிக நேர்மையான வாக்கியம் அது. இந்த நாளில் இவருக்கு இத்தனை வயது என்று எங்களிடம் சொல்லப்பட்டது, அதற்கு மேல் தெரியாது.

பிறகு ஏதோ ஒரு விண்ணப்பம் கணினிக்கு ஏறியது. அங்கே ஒரு தேதிப் பெட்டி. நாள், மாதம், ஆண்டு மூன்றும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. யாரோ 1995-இல் 35-ஐக் கழித்து 01/01/1960 என்று போட்டுவிட்டார்கள். அவர் மேல் குற்றம் இல்லை, பெட்டி அவரிடம் கேட்டது அதைத்தான். அந்த நொடியில் அக்கா தம்பிக்கு ஒன்றரை வயது இளையவளாகிவிட்டாள்.

முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது முடிந்திருக்க வேண்டும். நாங்கள் கணக்குப் போட்டால் அத்தைக்கு 2013 வாக்கிலேயே முடிந்துவிட்டது. கணினிக்கு 2020 ஜனவரி 1 அன்றுதான் முடிந்தது. நடுவில் ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க அத்தை வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தார். வெளியே மனு எழுதித் தருகிறவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல இருக்கற வயசத்தானேம்மா நான் எழுத முடியும்?” என்றார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றைக்கு உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். ஏழு வருடத்துக்கு 84,000.

அத்தைக்குப் பிறந்த நாள் தெரியாதா என்றால், தெரியும். தீபத்துக்கு மறுநாள். மலையில் தீபம் ஏற்றிய மறுநாள் விடியற்காலம் பிறந்ததாக அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். வருடம்தான் தெரியாது. தேதிப் பெட்டி செய்கிறவர்கள் எல்லாரும் மறதி நாளிலிருந்து தொடங்கும் என்று நினைக்கிறார்கள்: முதலில் நாள் மறக்கும், பிறகு மாதம், கடைசியில் ஆண்டு. எங்கள் ஊரில் அது தலைகீழ். கார்த்திகை தீபம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள் வரும். ஆகவே அத்தை எந்த ஆண்டு பிறந்திருந்தாலும், நிச்சயமாகப் பிறக்காத நாள் ஒன்று உண்டென்றால் அது ஜனவரி 1.

தெரியாத தேதியைச் சமாளிக்க வேறு வழிகளும் இருந்திருக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கான நிதி விதிகளில், பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1 என்றும், ஆண்டும் மாதமும் தெரிந்தால் அந்த மாதம் 16 என்றும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. நடுவில் வைத்தால் எந்தப் பக்கம் தப்பினாலும் பாதிதான் தப்பும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இன்னும் ஒரு படி மேல். மாதமும் நாளும் பூஜ்யமாக, 1953-00-00 என்று சேமிக்க அது இடம் வைத்திருக்கிறது. சரியாகத் தெரியாத பிறந்த தேதிகளுக்கு உதவும் என்று அதன் கையேடே சொல்கிறது. ஆனால் 5.7 பதிப்பிலிருந்து இயல்பு அமைப்பில் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது, வேண்டுமென்றால் நாம்தான் திறந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8601 தரத்தின் 2019-ஆம் ஆண்டு இரண்டாம் பகுதி ‘சுமார்’, ‘சந்தேகம்’, ‘இந்த இலக்கம் தெரியாது’ என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறிகள் தருகிறது. வழி இல்லாமல் இல்லை. படிவம் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

அத்தை ஊர்ப் பக்கமே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள். இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தொகுப்பாக வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் ஒரே முறைதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், மாடு மீட்கப் போன இன்னார் பட்டார். பெரும்பாலும் மாதம் இல்லை, நாள் இல்லை. உளி பிடித்தவனிடம் யாரும் ‘இந்தப் புலம் கட்டாயம்’ என்று சொல்லவில்லை. தெரிந்தது வரைக்கும் வெட்டிவிட்டு நிறுத்திவிட்டான்.

தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் இதைப் பேசினேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. “சார், வயசு வாரியா வரிசைப்படுத்தணும், அறிக்கை அனுப்பணும். ‘சுமார்’னு போட்டா எப்படி?” வரிசைப்படுத்துவதற்கு இரண்டு ஆண்டுகள் போதும் என்றேன். இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை. அவற்றின் நடுப்புள்ளியை வைத்துக் கணினி வரிசைப்படுத்திக்கொள்ளும், மனிதர்களுக்கு அந்த நடுப்புள்ளியைக் காட்ட வேண்டாம். அரசு விண்ணப்பத்துக்கு அட்டையில் இருக்கும் தேதியைத் தனியாக ‘ஆவணப்படி’ என்ற பெயரில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு தேதிகளும் ஒரே பக்கத்தில் இருந்தால், அட்டை எத்தனை வருடம் தள்ளி நிற்கிறது என்பதாவது தெரியும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்கம்மாவுக்கும் ஜனவரி ஒண்ணுதான்” என்றார்.

இப்போது அந்தத் தளத்தில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனிப் பெட்டிகள், எதுவும் கட்டாயமில்லை. நான்காவதாக ‘அவர் சொன்னபடி’ என்று ஓர் எழுத்துப் பெட்டி. தெரிந்ததை மட்டும் சேர்த்துக் காட்ட ஒரு சின்ன நிரல். ‘சுமார் 1953’ என்று வரும், ‘ஆடி மாதம், 1949’ என்று வரும். வருடப்பிறப்பன்று பாதி உறுப்பினர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பிறந்தநாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி நின்றுவிட்டது.

நான்காவது பெட்டியில் தீபத்தைச் சொன்னவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மட்டும் ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன்: 2023 நவம்பர் 26, 2024 டிசம்பர் 13, 2025 டிசம்பர் 3. இதைக் கணக்கிட்டுத் தரும் நிரலை நான் எழுதவில்லை. வருடா வருடம் பஞ்சாங்கம் பார்த்து ஒரு வரி சேர்ப்பதோடு சரி. மறுநாள் காலை ஆறு மணிக்கு வாழ்த்து போய்விடும்.