பாட்டுக்கு முன் அறை

கல்முனை, வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

வீட்டுக் கணினியில் செய்த இலத்திரனியல் இசையில் பேஸ் குழம்பினால் உடனே புதுப் பிளகின் தேடுவதுதான் வழக்கம். கோளாறு பாட்டில்தானா என்று எவரும் கேட்பதில்லை. நம் பக்கத்து வீடுகளில் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, பத்துக்குப் பத்து அறை. பத்தடி, மூன்று மீற்றருக்குச் சற்று அதிகம். இந்த வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடும். அந்தக் கணக்கில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 57 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு நிலை அலை உருவாகும். நீளமும் அகலமும் சமமென்பதால் இரண்டு பக்கத்திலும் அதே அலைதான். கிக் டிரம்மின் கனமும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. சுவரோரம் இருப்பவருக்கு அது வீங்கிக் கேட்கும், அறை நடுவில் இருப்பவருக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். முன்னவர் ஈக்யூவில் குறைப்பார், பின்னவர் கூட்டுவார். இருவரும் திருத்தியது தம் அறையை, கெட்டது பாட்டு.

சனி, மஃரிபுக்குப் பின்

ஏ. ஆர். ரஹ்மானும் வீட்டிலிருந்துதானே தொடங்கினார் என்பார்கள். உண்மை. ஆனால் 1989இல் அவர் சென்னை வீட்டோடு சேர்த்து அமைத்தது பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக்கூடம். 'ரோஜா' வந்தது 1992இல். கூடம் முந்தியது, புகழ் பிந்தியது. அதற்குக் காசு வேண்டுமே என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் முட்டை மட்டையும் மெல்லிய ஸ்பொஞ்சும் சுவரில் ஏறுகின்றன. 57 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீற்றர். சுவரில் ஒட்டிய பஞ்சு அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதில் காற்பங்காவது, அதாவது ஒன்றரை மீற்றர், தடிப்பு தேவை. மெல்லியவை உச்ச ஒலியை மட்டும் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும்; அறை முன்னிலும் மந்தமாகிவிடும். காசில்லாத வழி மேசையை நகர்த்துவது. முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில், பத்தடி அறையில் நாலடிக்குச் சற்றுக் குறைவில், தலை இருக்கட்டும். ஸ்பீக்கரை அருகே இழுத்துக்கொண்டால் அறையின் பங்கு குறையும். ஒலியளவை ஒரே நிலையில் வைப்பதும் அவசியம். மெதுவாகக் கேட்டால் காதுக்கு பேஸ் குறைவாகவே எட்டும் என்பதை பிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

ஞாயிறு, லுஹருக்கு முன்

'சனம் போனில்தானே கேட்கிறது, இவ்வளவும் எதற்கு?' வலுவான கேள்விதான். போன் ஸ்பீக்கரில் 55 ஹேர்ட்ஸ் பேஸ் சுரம் வரவே வராது. ஆனால் அதன் மடங்குகளான 165, 220 ஓரளவு கேட்டாலே காது அடிச்சுரத்தைத் தானாக ஊகித்துக்கொள்ளும். ஆகவே 55ஐ ஏற்றுவதில் பயனில்லை, மெல்லிய சாச்சுரேஷனால் மடங்குகளைப் பிறப்பிக்க வேண்டும். எவ்வளவு போதும் என்பதைப் பொய் சொல்லும் அறையில் முடிவெடுக்க முடியாது. ஹெட்போன் அறையை அகற்றிவிடும் என்பதும் சரி. பேஸை அதில் சரிபார்க்கலாம். ஆனால் இடம் வலம் இரண்டும் காதுக்குள்ளேயே பிரிந்துவிடுவதால் ஒலிகளின் இடைவெளியை ஸ்பீக்கரில்தான் தீர்மானிக்க வேண்டும். தானியங்கி மாஸ்டரிங்கை நம்புவோர், கிக்கும் பேஸும் ஒரே கோப்பில் கலந்தபின் அவற்றைப் பிரித்துத் திருத்துவது கடினம் என்பதை மறக்கிறார்கள். லிமிட்டரால் அழுத்திச் சத்தம் கூட்டுவதும் வீண்: ஸ்பொட்டிஃபை வழக்கமான அமைப்பில் சத்தமான பாட்டுகளை ஏறத்தாழ −14 எல்யுஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்கு இறக்கிவிடுகிறது. நசுங்கிய பாட்டு அங்கே சத்தமும் இழந்து உயிரும் இழந்து நிற்கும். இடம், ஒலியளவு, கலவை, கடைசியாக மாஸ்டரிங்: இந்த வரிசையில் செலவு கேட்பது பின்னால் வருபவைதான், பலன் அதிகம் தருவது முதலிரண்டும்.