பேசாத பிள்ளை கப்டனாகலாமா?

சென்ற மாதம் ஒரு மாலை தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, இவனைக் கப்டனாப் போடப் போறாங்களாம். ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்து படுத்திருக்கான். நீங்க ஒருக்காக் கதைச்சுப் பாருங்க" என்றாள்.

மருமகனுக்கு வயது பதினேழு. பாடசாலைக் கூடைப்பந்து அணியில் மூன்று வருடங்களாக ஆடுகிறான் (எந்தப் பாடசாலை என்பது இங்கே வேண்டாம்). நல்ல ஆட்டக்காரன் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் பேசமாட்டான். வீட்டுக்குப் போனால் "வாங்க மாமா" என்பான், புறப்படும்போது "போய்ட்டு வாங்க மாமா" என்பான். இடையில் உள்ள இரண்டு மணித்தியாலமும் அவன் அங்கே இருந்ததற்கு வேறு சான்று கிடையாது.

இவனிடம் நான் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கல்லடிப் பாலத்தைக் கடந்தேன். யோசனைக்குக் காரணம் உண்டு. 1986இல் எங்கள் பாடசாலை அணிக்கு நான் கப்டனாக இருந்தவன். ஆட்டத் திறமைக்காக அல்ல, வாய்க்காகத்தான் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. எனக்குப் போட்டியாக இருந்தவன் என் நண்பன் ஒருவன். அவனும் இந்த மருமகனைப் போலத்தான். "கத்தத் தெரியாதவன் எப்படி அணியை நடத்துவான்?" என்று ஒருவர் கேட்டார், அத்தோடு முடிவாகிவிட்டது. அந்த வருடம் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஒரு புள்ளி பின்தங்கி நிற்கையில், நான் களத்தின் நடுவில் நின்று கைகளை வீசி ஏதேதோ உத்தரவிட்டுக்கொண்டிருந்தேன். மற்ற மூவரும் என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார்கள். பந்தும் அவனிடமே போனது. அவன் எறிந்தான், உள்ளே போனது. தோளில் தூக்கி வந்தது என்னை!

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. மட்டக்களப்பாருக்குக் கூடைப்பந்தின் மீதுள்ள பிடிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. புளியந்தீவில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்கு 1940களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசுசபைத் துறவிகள் வந்தார்கள். நகரின் விளையாட்டரங்கு இன்றும் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லூசியானாவில் பிறந்து 1948இல் இங்கு வந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் கூடைப்பந்தைப் பயிற்றுவித்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் கொழும்பின் பெரிய பாடசாலைகளை வென்று அகில இலங்கைப் பட்டங்களோடு திரும்பினார்கள். வாவிக்கரையில் பிறந்த பிள்ளைக்குத் தோணிக்கு அடுத்தபடியாக அந்த வளையம் பழகிப்போனது அப்படித்தான்.

ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். உடன் ஓர் இளைஞன். இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை வந்து சேரவில்லை.

அந்த வருடம் எனக்கு இருபது வயது, தங்கைக்குப் பதின்மூன்று. சோதனைச் சாவடியில் எப்படி நடந்துகொள்வது என்று அம்மா அவளுக்குப் பாடம் நடத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது. "பேரைக் கேட்டாப் பேரைச் சொல்லு. ஊரைக் கேட்டா ஊரைச் சொல்லு. மறுகா வாயத் திறக்காத." அந்தப் பாடத்தை அவள் மறக்கவில்லை. 2008இல் பிறந்த மகனுக்குச் சண்டை நினைவில் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வீட்டில் குரல் உயர்ந்தால் யன்னலைச் சாத்தும் தாயோடு அவன் வளர்ந்திருக்கிறான். எங்கள் பிள்ளைகளின் அடக்கத்தை வெளியார் புகழும்போதெல்லாம் எனக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கும். அதில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு பயிற்சி என்று யார் பிரித்துச் சொல்வது?

கொழும்புக்கு ஆடப் போகும் எங்கள் பிள்ளைகள் இன்னொரு விதமாகவும் வாய் மூடிகளாகிறார்கள். சிங்களம் சரளமாக வராது, ஆங்கிலத்தில் கூச்சம். 'நல்ல பிள்ளை, ஆனால் தலைமைக்குணம் இல்லை' என்ற மதிப்பீடு அங்கே எளிதாக விழுந்துவிடும்.

மருமகன் முன்விறாந்தையில் சப்பாத்துக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏன் வேண்டாம் எண்டனி?"

"எனக்குக் கத்த வராது மாமா."

இதற்கு மறுமொழியாக நான் உலக உதாரணங்களை எடுத்து வைத்தேன் (பத்திரிகைக்காரன் புத்தி). டிம் டங்கனைப் பற்றிச் சொன்னேன். கரீபியன் கடலில் சென்ட் குறோய் தீவில் நீச்சல் வீரனாக வளர்ந்த பிள்ளை. 1989இல் ஹியூகோ சூறாவளி அங்கிருந்த நீச்சல் குளத்தை அழித்ததால் கூடைப்பந்துக்கு வந்தவர். (1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் ஊர்த் தென்னைகள் விழுந்தபோது எனக்கு எட்டு வயது. காற்று ஒரு மனிதனின் பாதையை மாற்றும் என்பதை நம்ப எனக்குச் சிரமமில்லை.) சான் அன்ரோனியோ அணிக்காக ஐந்து முறை சம்பியன் ஆனவர். 2016இல் ஆரவாரமின்றி ஓர் அறிக்கையோடு விலகிப்போனார். அதே அணியில் 2014இல், இருபத்திரண்டு வயதில், இறுதித் தொடரின் சிறந்த வீரரானவர் கவாய் லெனார்ட். அவரும் வாயைத் திறக்காதவர் என்றே பெயரெடுத்தவர்.

லெனார்டின் பெயரைச் சொன்னதும் என் பழைய நண்பன் நினைவுக்கு வந்தான். 1991இல் கனடா போனவன், ரொறன்ரோவில் ஸ்காபரோவில் இருக்கிறான். 2019 மே 12இல் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணிக்காக லெனார்ட் கடைசிக் கணத்தில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. ஆட்டம் 92-90. அன்று நண்பன் என்னை அழைத்துப் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். பாடசாலைக் காலம் முழுவதும் அவன் பேசியதைக் கூட்டினாலும் அந்த அழைப்பளவு வராது. "அந்தப் பொடியன்ர முகத்தப் பாத்தியா மச்சான்? எறியிறதுக்கு முதல் ஒண்டுமே இல்ல" என்றான். பிறகு சற்று நிறுத்தி, "ஆனா பக்கத்தில லவ்றி எண்டு ஒருத்தன் நிண்டான். கதைக்கிற வேலையெல்லாம் அவன்தான் பாத்தவன்" என்றான். எனக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா என்று தெரியவில்லை.

இவ்வளவையும் கேட்ட மருமகன் சொன்னது வேறு. "அவங்கள் பெரிய ஆக்கள் மாமா. இது வேற. நான் ஸ்கிரீன் சொல்லாததால ரெண்டு பேர் இடிபட்டு விழுந்திருக்காங்க."

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவன் சொன்னது சரி. கூடைப்பந்தில் தன் எதிரியைக் காத்து நிற்பவனுக்கு முதுகுப்பக்கம் தெரியாது. எதிரணியில் ஒருவன் வந்து சுவர்போல் பின்னால் நிற்பான். அதைக் காணக்கூடியவன் பின்னால் நிற்கும் சகஆட்டக்காரன் மட்டுமே. அவன் வாய் திறந்தால் இவன் விலகுவான், திறக்காவிட்டால் மோதுவான். இந்த இடத்தில் மௌனம் குணமாகாது, குறைதான். டங்கனும் லெனார்டும் பேட்டி கொடுக்காதவர்களாக இருக்கலாம். இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் யாரும் அந்த உயரத்தில் நிற்க முடியாது. நானும் என் ஆசிரியர்களும் 1986இல் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. கூட்டத்தில் பேசுவது வேறு, தோழனின் முதுகைக் காப்பது வேறு.

விதிப்புத்தகமும் கப்டனிடம் கத்தலை எதிர்பார்க்கவில்லை. பந்து ஓய்ந்து கடிகாரம் நிற்கும்போது, மரியாதையாக, விளக்கம் கேட்பதற்காக அவர் நடுவரோடு பேசலாம் என்றுதான் சர்வதேச விதி சொல்கிறது. இதை அவனிடம் சொன்னேன். முதன்முறையாக நூலிலிருந்து கண்ணை எடுத்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மற்றது அந்த ஸ்கிரீன். அதுக்கு ஒரு சொல் போதும்."

பிறகு அவன் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "நீங்க எல்லாத்தையும் எழுதியிருக்கீங்களா மாமா?"

2004 மே 31இல் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஏப்ரலில், புனித மிக்கேலில் படித்த சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் நான் எழுதிய செய்திகளில் 'இனந்தெரியாதோர்' என்ற சொல் எத்தனை தடவை வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. சில தடவைகள் எனக்கு இனம் தெரிந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் வருவதைக் கண்டும் சொல்லாமல் நின்றிருக்கிறேன். பிள்ளையிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லை" என்றேன்.

அவன் தலையாட்டினான். மேற்கொண்டு கேட்கவில்லை. தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் அவன் பயிற்றுநரிடம் போய் ஒப்புக்கொண்டிருக்கிறான். தனக்கு உதவியாக, அணியிலேயே அதிகம் வாயாடும் பொடியனை உபகப்டனாகக் கேட்டானாம். என் நண்பனுக்கு 1986இல் இப்படி ஒரு வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த உபகப்டன் நானாக இருந்திருப்பேன், நன்றாகவும் செய்திருப்பேன்.

சென்ற சனிக்கிழமை அவர்களின் முதல் ஆட்டம். போய்க் களத்தோரம் நின்றேன். ஐந்து புள்ளிகளால் தோற்றார்கள். அணியில் ஆகச் சிறியவன் கடைசி நேரத்தில் இரண்டு இலவச எறிகளைத் தவறவிட்டு, முடிந்ததும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உபகப்டன் அவனுக்கு நீண்ட ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். மருமகன் வந்து, சிறியவனின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா" என்றான்.

வீடு திரும்பும்போது ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியை நினைத்துக்கொண்டேன். நான் நின்ற பக்கத்து வளையத்தின் கீழ் அவன் காத்து நின்றான். அந்தச் சிறியவனின் பின்னால் எதிரணியின் உயரமான பொடியன் ஒருவன் வந்து ஊன்றி நின்றான். அப்போது தாழ்ந்த குரலில், ஆனால் எனக்கே கேட்கும்படி, "கிறுகு" என்று ஒரு சத்தம். திரும்பு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். களத்தின் சொற்கள் எல்லாம் எங்கள் காலத்தில் ஆங்கிலத்தில்தான் இருந்தன. சிறியவன் கிறுகினான், மோதல் இல்லை.