கடலோரமாக ஒரு ரூம்

கரீபியன் தீவுக்கு டூர் போகிறீர்களா? ஹோட்டலின் நட்சத்திரங்களை அப்புறம் எண்ணலாம். முதலில் மேப்பைப் பிரியுங்கள்.

பார்படாஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். மேற்குக் கரையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். கிழக்கே அட்லாண்டிக், பத்ஷீபா அலைகள் சர்ஃபிங் வீரர்களுக்குக் கொண்டாட்டம், குழந்தையை இறக்கினால் ஆபத்து. வாடகை மலிவா? மாசத்தைப் பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீஸன். 2024-ல் அங்கே டி-20 உலகக் கோப்பை ஜெயித்த நம்ம டீமையே பெரில் புயல் ஹோட்டலுக்குள் உட்கார வைத்துவிட்டது!

இன்னொன்று. 'பிரைவேட் பீச்' என்று பெருமையாகப் போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பார்படாஸில் கடற்கரை எல்லோருக்கும் பொது. ஜமைக்காவில் 1956-ல் வந்த சட்டம் பொதுமக்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. பல இடங்களில் உள்ளூர்க்காரரே காசு கொடுத்துத்தான் கால் நனைக்க வேண்டும். அவர் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்தில் குளிக்கிற கரையாகப் பார்த்து ரூம் போடுங்கள்.