மெத்தை வீடும் மண் வீடும்

விழுப்புரத்தில் நாங்கள் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்தது ஒரு கட்டடத்தின் மேல்தளம். எங்கள் தலைக்கு மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேலே சூரியன். சித்திரை மாதத்து இரவுகளில் பத்து மணிக்கு முக்காலியின் மீதேறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்தால் அப்போதும் அது சுடும். மின்விசிறி அந்தச் சூட்டையே கீழே தள்ளும். அம்மா ஈரச் சாக்கைத் தரையில் விரித்து, அதன்மேல் பாயை இட்டுப் படுப்பார். நள்ளிரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

நான் இயற்பியல் ஆசிரியன். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கிச் சேமித்து, இரவில் கீழுள்ள அறைக்குள் உமிழ்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குவேன். மாலையில் வீடு திரும்பி அதே தளத்தின்கீழ்ப் படுத்துப் புரண்டுகொண்டிருப்பேன். கற்பித்ததை வாழ்க்கையில் பயன்படுத்த எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலம் குன்று கண்ணில் படும் தொலைவில், 2018இல் ஐந்து சென்ட் மனை ஒன்றை வாங்கினேன். அந்நாள்களில்தான் லாரி பேக்கரைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குறைந்த செலவில் எண்ணற்ற வீடுகளைக் கட்டிய கட்டடக் கலைஞர் அவர். ஒரு சிற்றூரின் வீட்டை அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து, தம் தொழிலின் திசையையே மாற்றியதாக அவர் கூறியுள்ளார். நானும் வரைபடத்தில் என் மனையை நடுவாக வைத்து ஒரு வட்டம் வரைந்து பார்த்தேன். உள்ளே செம்மண் இருந்தது. வட்டத்தைச் சற்றே நீட்டினால் திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல்லும் அகப்பட்டது. அந்தச் சிறு மோசடியைக் காந்தியடிகள் பொறுத்துக்கொள்வார் என்று எண்ணினேன்.

பொறுத்துக்கொள்ளாதவர் அம்மாதான்.

“மண்ணு வூட்டுல இருந்து மெத்த வூட்டுக்கு வர எனக்கு முப்பது வருசம் ஆச்சிடா. நீ என்னைத் திரும்ப அங்கியே கூட்டிக்கினு போறியா?” என்றார்.

எங்கள் வட்டாரத்தில் தளம் போட்ட வீட்டை மெத்தை வீடு என்பார்கள். அச்சொல்லில் மதிப்பும் ஏக்கமும் கலந்திருக்கும். அம்மா மணமாகி வந்தது மண்சுவர் வைத்த கூரை வீட்டுக்கு. ஓர் ஐப்பசி அடைமழையில் அச்சுவர் ஊறிச் சரிந்தது. இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடிய இரவைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால், மழை பெய்யும் இரவில் இன்றுவரை அவர் உறங்கியதும் இல்லை. இயற்பியல் தெரிந்தவன் என்னும் துணிவில் நான் அவருடைய அச்சத்தை எளிதாக எடைபோட்டுவிட்டேன்.

ஆரோவில்லின் பெரும்பகுதி நம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் அமைந்திருக்கிறது. அங்கே 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், அழுத்திச் செய்த மண்கற்களால் வீடு கட்டும் முறையை ஆராய்ந்து கற்பித்து வருகிறது. அக்கற்களால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம், எளியோருக்கான கட்டடக் கலைக்கென எகிப்தியக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரால் வழங்கப்படும் விருதை 1992இல் பெற்றது. சில நாள் பயிற்சியில் நான் அங்கே கற்றது இது: செம்மண்ணைச் சலித்து, தேவையான அளவு மணல் சேர்த்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டும் சிறிது நீரும் கலந்து, கையால் இயக்கும் அச்சுப்பொறியில் அழுத்தினால் ஒரு கல் உருவாகும். அதைச் சூளையில் சுடவேண்டியதில்லை. ஒரு விறகும் எரிவதில்லை. ஆனால், இருபத்தெட்டு நாள் ஈரம் காயாமல் காக்கவேண்டும். சிமெண்ட் இறுகுவது வெயிலால் அன்று, நீரால்.

மண் பொருத்தமானதா என்று அறிய ஆய்வகம் தேவைப்படவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதியளவு மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கி ஓர் இரவு அசைக்காமல் வைத்தேன். மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் தனித்தனி அடுக்குகளாகப் படிந்தன. எங்கள் மண்ணில் களி மிகுதி. அப்படியே கல்லாக்கினால் காயும்போது வெடிக்கும். எனவே மணலைக் கூட்டிக் கலந்தோம். இலைமக்கு நிறைந்த மேல்மண் கட்டுமானத்துக்கு ஆகாது. அதைத் தோட்டத்துக்கென ஒதுக்கினோம்.

முதல் அடுக்கில் முந்நூறு கற்கள் செய்தோம். அந்த வாரம் உறவினர் திருமணத்துக்காக மூன்று நாள் வெளியூர் சென்றேன். நீர் தெளிக்க யாரையும் அமர்த்தவில்லை, சாக்கு போட்டு மூடியிருக்கிறோமே என்று இருந்துவிட்டேன். பங்குனி வெயிலில் சாக்கும் காய்ந்தது, கல்லும் காய்ந்தது. திரும்பி வந்து ஒரு கல்லைக் கையிலெடுத்தால் அதன் முனை மாவாக உதிர்ந்தது. பெரும்பாலானவற்றைத் தோட்டத்து நடைபாதையில் புதைத்தேன். பார்வைக்கு நன்றாயிருந்த நாற்பது கற்களை எறிய மட்டும் மனம் வரவில்லை. மேஸ்திரியிடம் சொல்லாமல், புதிய கற்களோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். இதைப் பின்னால் சொல்லவேண்டியிருக்கும்.

சுவரைவிடக் கூரையே முதன்மையானது என்பது சூரியனைப் பார்த்தால் விளங்கும். திண்டிவனம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியில் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பள்ளித் திடலில் நட்ட கோலுக்கு அப்போது நிழலே இராது. கோடையில் வெப்பத்தை மிகுதியாக வாங்குவது கூரை. அடுத்தவை, தாழ்ந்த வெயில் நேராகத் தாக்கும் கிழக்கு, மேற்குச் சுவர்கள். தெற்கே வெயில் வரும் மாதங்களிலும் அது உயரத்திலேயே நிற்பதால், இரண்டடி நீட்சி போதும் அதைத் தடுக்க. ஆதலால் வீட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, குறுகிய பக்கங்களை அவ்விரு வெயிலுக்கும் காட்டினோம்.

கூரைக்குப் பேக்கர் பரப்பிய முறையைப் பின்பற்றினோம். ஒரு தளத்தில் பாரத்தின் அழுத்தத்தைத் தாங்குவது மேற்பகுதிக் கான்கிரீட். கீழ்ப்பகுதியின் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு இடையே அடியில் கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமைதான். அவ்விடத்தில் இரண்டு இரண்டு ஓடுகளைக் கவிழ்த்து வைத்தால் சிமெண்ட் மிச்சமாகும், எடை குறையும், ஓடுகளுக்கிடையே அகப்பட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். கம்பியின் அளவையும் இடைவெளியையும் பொறியாளர்தான் கணக்கிடவேண்டும். அதில் துணிச்சல் காட்டக்கூடாது.

மேஸ்திரி ஒப்பவில்லை. “ஓட்ட உள்ள வச்சி ஒட்டு போட்டா தாங்குமா சார்? நாளைக்கு எதனா ஒண்ணு ஆச்சின்னா ஊர்ல என் பேருதான் கெடும்” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. முப்பதாண்டு உழைத்துச் சேர்த்த பெயரை என் புத்தகத்தை நம்பி அவர் ஏன் பணயம் வைக்கவேண்டும்? கிணற்றடியில் துவைக்கும் இடத்துக்கு முதலில் ஒரு சிறு தளம் அதே முறையில் போட்டோம். ஒரு மாதம் கழித்து அவரும் ஐந்து ஆள்களும் அதன்மேல் ஏறி நின்றார்கள், குதித்தும் பார்த்தார்கள். கீழே இறங்கியவர், “வூட்டுக்கே போட்ரலாம் சார்” என்றார். தளத்தின்மேல் தட்டோடு பதித்து வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். வெயிலைத் திருப்பியனுப்ப அந்த வெள்ளையைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

இடையில் 2020இன் ஊரடங்கு வேலையை நிறுத்தியது. 2021இல் ஒருவழியாகக் குடிபுகுந்தோம். அம்மாவும் வந்தார். திண்ணையில்தான் படுப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அடுத்த கோடை என் தவறுகளைக் காட்டிக்கொடுத்தது. மாலை வானத்தைப் பார்க்கும் ஆசையில் கூடத்தின் மேற்குச் சுவரில் பெரிய சாளரம் வைத்திருந்தேன். நான்கு மணிக்கு வெயில் எதிர்ச்சுவர் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. தடித்த திரைச்சீலை தைத்தேன், பயனில்லை. கண்ணாடியைக் கடந்த வெயில் திரையைச் சூடாக்குகிறது, திரை அறையைச் சூடாக்குகிறது. வெப்பத்தை வெளியிலேயே நிறுத்தவேண்டும். அதைச் செய்தவர் நான் அல்லேன். “மேக்கால ஒரு பந்தல் போடு” என்று அம்மா சொல்லி, கோவைக்கொடியை நட்டார். மறு கோடையில் அந்தச் சாளரம் பச்சை நிழலாயிற்று, குழம்புக்குக் காயும் கிடைத்தது.

மண்வீடு என்றாலே குளிர்ச்சி என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. தடித்த சுவர் வெப்பத்தை மெதுவாக வாங்கும், வாங்கியதை மெதுவாகவே விடும். இரவில் சாளரங்களை அடைத்துவைத்தால் மண்சுவரும் காலைவரை வெம்மை தரும். சூடான காற்று மேலே போக உயரத்தில் திறப்புகளும், கொசுவலை அடித்த சாளரங்களும் வேண்டும். பகலில் மூடி, இரவில் திறக்கும் பழக்கமும் வேண்டும். வீடு தானாகக் குளிராது, அதை நடத்தத் தெரியவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய மின்விசிறிகள் 75 வாட் இழுத்தன, புதியவை 30 வாட்டுக்குள் ஓடுகின்றன. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு அலகு தருகிறது, அது எங்களுக்குப் போதுமானது. கொதிக்கும் தளத்தின்கீழ்க் குளிர்சாதனத்தை வைத்து, அதை ஓட்டத் தளத்தின்மேல் தகடுகளை நிரப்புவோர் உண்டு. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய ராட்டினம் பூட்டுவதாகவே எனக்குத் தோன்றும்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த ஒரே நாளில் மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. மின்சாரம் இல்லை. வாசலில் நீர் இரண்டு படிகளை மூடியது. கருங்கல்லால் மூன்றடி உயர்த்திய அடித்தளம் அதைத் தடுத்து நின்றது. அம்மா கைவிளக்குடன் அறை அறையாகச் சென்று ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஒண்ணும் ஆகாதும்மா” என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. விடியும் முன் வடகிழக்கு மூலையில் நின்று, “இங்க மட்டும் ஈரம் உள்ள வருதுடா” என்றார்.

காலையில் மழை விட்டதும் வெளியே சென்று பார்த்தேன். நான்கு வரிசைக் கற்கள் ஊறி, ஓர் அங்குல ஆழத்துக்கு அரித்துப்போயிருந்தன. மற்றச் சுவர்கள் நனைந்திருந்தன, அவ்வளவே. அவை அந்த நாற்பது கற்கள். போதாக்குறைக்கு, பணம் தட்டுப்பட்டபோது அம்மூலையில்தான் கூரையின் நீட்சியைக் குறைத்திருந்தேன். கல்லும் நொய்ந்தது, அதற்குக் குடையும் இல்லை. நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். “தெரிஞ்சே வச்சியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று முழுவதும் என்னுடன் பேசவில்லை.

மேஸ்திரியின் ஊரிலும் வெள்ளம். பத்து நாள் கழித்து அவர் வந்து, பழைய அச்சுப்பொறியை வாடகைக்கு எடுத்து, புதிதாக நாற்பது கற்கள் செய்து அடுக்கிக் கொடுத்தார். மூலையைத் தார்ப்பாயால் மூடிவைத்தோம். காலையிலும் மாலையிலும் அம்மாவே சாக்கை விலக்கி அக்கற்களுக்கு நீர் தெளித்தார். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டார். வேறு வேலைக்குப் போகும் வழியில் இருபதாம் நாள் மேஸ்திரி எட்டிப்பார்த்து, “கல்லு நல்லா இறுகிடுச்சி ஆயா, இன்னிக்கே மாத்திட்டுப் போயிடறேன்” என்றார்.

“இன்னும் எட்டு நாளு இருக்கு” என்று சொல்லி, அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.