வயது: 19

மும்பையின் கோவண்டி ஸ்டேஷனில் இறங்கித் தெற்குப் பக்கம் வந்தால், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1956-ல் தொடங்கியது. தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துவது இவர்கள்தான். பதினெட்டுக்கு முன்பே எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் ஆகிறது, இருபதுக்கு முன்பே எத்தனை பேர் பிள்ளை பெறுகிறார்கள் என்ற கணக்கெல்லாம் தேவ்நாரில் உள்ள இந்த வளாகத்தில்தான் கூட்டிக் கழிக்கப்படுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி சயான் - டிராம்பே சாலையில் டாட்டா சமூக அறிவியல் கழகம். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி எண் 1996-ல் அங்கிருந்து கிளம்பியது. இரண்டு வளாகத்திலும் நல்ல நிழல்.

ரயில் பாதையைத் தாண்டி வடக்கே போனால் சிவாஜி நகர், பைங்கன்வாடி, ரஃபி நகர். அவற்றின் முதுகில் 1927 முதல் பம்பாய் கொட்டிக்கொண்டிருக்கும் குப்பை மலை. 2009-ம் ஆண்டுக்கான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில், நகரத்தின் எல்லா வார்டுகளிலும் கடைசியாக நின்றது இந்த எம்-கிழக்கு வார்டுதான்.

இந்தச் சந்துகளுக்குள் என்னைக் கூட்டிப்போக வந்தவர் மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகை. சீட்டா கேம்ப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976-ல் காலி செய்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுவந்தபோது அம்மா இடுப்பில் கைக்குழந்தையாக வந்தாராம். "அதனால என் வயசுல மட்டும் ஒரு வருஷம் அப்படி இப்படி ஆகாது" என்றார். சந்துக்குச் சந்து "தாயீ, தாயீ" என்று கூப்பிடுகிறார்கள்; மராத்தியில் அக்கா. இந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் சலாம் சொல்லிக்கொண்டு வேகமாக நடக்கிறார். நீல டிரம்களுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நான் போக வேண்டியிருந்தது.

சுகாதார நிலையம் என்பது இரண்டு அறை. கர்ப்பிணிகள் பதிவேட்டைத் திறந்து, பெயர் இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வயது எழுதும் கட்டத்தை மட்டும் காட்டினார் அக்கா. 22, 19, 24, 19, 19, 20, 19.

"எங்க ஏரியாவுல எல்லாரும் பத்தொன்பதுலதாம்மா மாசமாகுறாங்க" என்றார். சிரிக்கவில்லை.

இந்தப் பத்தொன்பதில் சில நிஜம். மற்றவை எப்படி வந்தன என்பதற்குச் சட்டப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பதே கிடையாது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கட்டிய மனைவியே ஆனாலும் 18 நிரம்பாவிட்டால் அவளோடு உறவு கொள்வது வன்புணர்ச்சி என்று தீர்ப்பளித்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை; டாக்டரும் அதில் அடக்கம். ஆக, பதினேழு வயதுப் பெண் வாந்தியும் மயக்கமுமாக வந்து உட்கார்ந்தால், டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் அதே கையால் ஸ்டேஷனுக்கும் தகவல் எழுத வேண்டும். புருஷன் உள்ளே போவான், பெண்ணை ஹோமுக்கு அனுப்புவார்கள் என்று மாமியார் பயப்படுகிறாள். வாசலிலேயே வயது பத்தொன்பது ஆகிவிடுகிறது. அந்தப் பொய்யும் சொல்லத் துணியாதவர்கள் ஏழாம் மாதம் வரை வருவதே இல்லை.

வருவதுதான் முக்கியம். இருபது முதல் இருபத்துநாலு வயதுத் தாய்மார்களைவிட, இருபதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பிரசவ நேரத்து வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றும் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை எடை குறைந்து பிறக்கும், நாள் நிரம்பாமல் பிறக்கும். போதாததற்கு, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. இப்படிப்பட்ட உடம்பை மூன்றாம் மாதத்திலேயே பார்க்க வேண்டும்.

போக்சோ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தச் சந்துகளிலும் சித்தப்பனால், பக்கத்து வீட்டுக்காரனால் கெடுக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அந்தச் சட்டத்தை விட்டால் வேறு துணை இல்லை. ஆனால் வீட்டார் கட்டிவைத்த பதினேழு வயதுக்காரியையும், ஜரிப் பட்டறைப் பையனோடு ஓடிப்போய்த் திரும்பி வந்தவளையும், நாசமாக்கப்பட்ட பன்னிரண்டு வயதுக் குழந்தையையும் ஒரே படிவத்தில் எழுதும்போது முதல் இருவரும் ஆஸ்பத்திரியை விட்டே ஓடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் அசாமில் குழந்தைத் திருமணத்துக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தபோது, சின்ன வயதுக் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சியதாகச் செய்திகள் வந்தன.

நீதிமன்றமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. நான் இந்தத் தீர்ப்பைச் சொன்னபோது அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு, "இதை ஒரு காயிதத்துல மராத்தியில அடிச்சு இந்தச் சுவத்துல ஒட்டினா நல்லாருக்கும்" என்றார்.

பண உதவியிலும் இதே வயதுச் சிக்கல்தான். முதல் பிரசவத்துக்கு 5,000 ரூபாய் தரும் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் பதினெட்டு வயது ஏழு மாதம் ஆகியிருக்க வேண்டும். குழந்தைத் திருமணத்துக்கு அரசே பணம் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் முட்டை வாங்கக் காசில்லாமல் நிற்பது, கல்யாணத் தேதியைத் தானே குறிக்காத அந்தப் பெண்தான்.

மதியம் மூன்று மணிக்கு அங்கன்வாடி அறையில் பெண் பிள்ளைகள் கூட்டம். குழந்தைகளை அனுப்பிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். வாரம் ஒன்று போட வேண்டிய நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கைக்குக் கை போனது. கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு, இவர்களுக்கு நீலம். ஒருத்தி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். சுகாதாரத் துறையின் வளரிளம் பருவத் திட்டம் 2014-ல் வந்தது. அப்னாலயா என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாக இந்தப் பகுதியில் இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் உருவாக்கிய ஸ்னேஹா அமைப்பு தாராவியிலும் கோவண்டியிலும் வளரிளம் பருவத்தினரோடு வேலை செய்கிறது. இவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சாமான் ஒன்று உண்டு: கேள்விப் பெட்டி. பெயர் எழுதாமல் சீட்டைப் போடலாம். இங்கே பழைய பிஸ்கட் டின்.

அக்கா ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். முதல் தடவையிலேயே கர்ப்பம் ஆகுமா? ஆகும். நாள் தள்ளிப்போனால் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்? ஒரு வாரம்கூட வேண்டாம், இங்கே வந்தால் சிறுநீர்ச் சோதனை செய்யலாம். மெடிக்கலில் தரும் மாத்திரையில் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடுவது வேறு, கருவைக் கலைக்கும் மாத்திரை வேறு. பின்னதை டாக்டர் பார்க்காமல் கடையில் வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடிய கதைகளைப் பெயர் சொல்லாமல் சொன்னார். அறை அமைதியாகக் கேட்டது. "பயமுறுத்துறதுக்குச் சொல்லலை. என்கிட்ட முன்னாடியே வாங்க" என்று முடித்தார். பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தனிக் கூட்டமாம். பாதிப் பேர்தான் வருகிறார்கள். கிரிக்கெட்டோடு மோத முடியவில்லை.

கடைசிச் சீட்டில் கேள்வியே இல்லை. "எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள்" என்று மட்டும் இருந்தது. ரயில் பாதைக்குத் தெற்கே கூட்டிய கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. 2019-21 ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் பள்ளிக்கே போகாதவர்களில் நூற்றுக்கு 18 பேர் தாயாகியோ கருவுற்றோ இருந்தார்கள்; பன்னிரண்டு வருடம் படித்தவர்களில் 4 பேர்தான். நாடு முழுவதும் பார்த்தால் 2005-06-ல் 16 சதவீதமாக இருந்தது 6.8-க்கு இறங்கியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 7.6. தமிழ்நாட்டில் 6.3. நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை, முந்தைய ஆய்வில் நமக்கு 5 சதவீதமாக இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான கல்யாண உதவியைத் தமிழக அரசு 2022-ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாற்றியது. தாலிக்குப் போன பணம் படிப்புக்குப் போனது சரியான திருப்பம் என்றே நினைக்கிறேன். இந்தச் சிவாஜி நகரில் எட்டாவதுக்கு மேல் பக்கத்திலேயே பள்ளி கிடைப்பது பாடு. சிக்னல் தாண்டி, லாரிகள் ஓடும் லிங்க் ரோட்டைத் தாண்டி மகளை அனுப்ப வேண்டும் என்றவுடன் அப்பாக்கள் மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போனோம். வரலாமா என்று முன்னாலேயே கேட்டிருந்தார். பத்துக்குப் பதினைந்தடி அறை, மேலே ஒரு பரண். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். பெண் இப்போது தனக்குப் பத்தொன்பது என்றாள். மடியில் இருந்த பையன் ஓடி வந்து என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு வயது முடிந்துவிட்டதாம். நான் கழித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

அவளுக்குப் பிரசவம் ஆன கையோடு காப்பர்-டி போடலாம் என்று சொன்னபோது மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. கருப்பை காய்ந்துபோகுமாம். அக்கா விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசிக்கு மெல்ல மெல்லச் சம்மதிக்க வைத்திருக்கிறார். "மொதப் பிள்ளையத்தான் தடுக்க முடியல. ரெண்டாவதையாச்சும் மூணு வருஷம் தள்ளிப் போடலாம்ல? உடம்பு தேறணும், இவளும் ஏதாச்சும் படிக்கணும்" என்றார் எனக்காக. மாமியார் அடுப்பைப் பார்த்தபடி, "நீங்க சொன்னா சரிதான் தாயீ" என்றார்.

பெண்ணுக்குப் பத்தாவது எழுத ஆசை. பள்ளிக்குப் போகாமல் எழுத மகாராஷ்டிர வாரியத்தில் வழி உண்டு, 17-ம் நம்பர் ஃபார்ம் என்பார்கள். ஆனால் அதற்குப் பழைய பள்ளியின் லீவிங் சர்டிபிகேட் வேண்டும். அதில் நிஜப் பிறந்த தேதி இருக்கிறது. கர்ப்ப அட்டையில் இருப்பது வேறு. இரண்டையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மகன் மேல் கேஸ் வருமா என்பதுதான் மாமியாரின் கேள்வி.

"பரீட்சைக்குக் கர்ப்ப அட்டையை யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றார் அக்கா.

"உறுதியா?"

"நானே கூட வந்து ஃபார்ம் போடுறேன். சர்டிபிகேட் எங்க இருக்கு?"

பெண் எழுந்து பரண் ஏணியில் கால் வைத்தாள்.