பட்டி நாய்

"ஏனுங் சிஸ்டர், ஆபரேசன் எப்பங்க?"

வெள்ளக்கோவில் பக்கத்து அப்பாரு ஒருவர் கண்ணாடிக்கு வெளியே நின்று இன்டர்காமில் இப்படிக் கேட்டபோது, உள்ளே அவர் பேரனுக்கு மஜ்ஜைப் பை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. "அதுதானுங்க ஆயிட்டிருக்குது" என்றேன். அவர் நம்பவில்லை. எண்பது மில்லி, ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. பத்திரிகைகள் 'எலும்பு மஜ்ஜை மாற்று அறுவை சிகிச்சை' என்றே எழுதிப் பழக்கிவிட்டன. கொடுப்பவருக்காவது மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசியால் உறிஞ்சுகிறோம். வாங்குகிறவர் மேல் கத்தியே படுவதில்லை. ரத்தக்குழாய்க்குள் விட்ட செல்கள் தாமாகவே எலும்புக்கு வழி கண்டுபிடித்துக் குடியேறிவிடுகின்றன. எந்த மூலக்கூறு வழிகாட்டுகிறது என்று வகுப்பில் படித்திருக்கிறேன். இருந்தும் பதினேழு வருடமாக ஒவ்வொரு பைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அவிநாசி ரோட்டு வார்டு ஒன்றில் நான் சேர்ந்த புதிதில், ரத்தம் ஏற்றிப் பழகிய கை, வெள்ளையணு வடிகட்டி வைத்த செட்டை எடுத்துவிட்டது. சீனியர் அக்கா கையைத் தட்டிவிட்டார். வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்தவென்றே செய்த வடிகட்டி அது. ஸ்டெம் செல்லையும் விடாது. மாட்டியிருந்தால் செல்லெல்லாம் பிளாஸ்டிக்கில் தங்கி, நோயாளிக்கு வெறும் சிவப்புத் தண்ணிதான் போயிருக்கும். இன்றும் செட்டின் உறையை இரண்டு தரம் படிக்காமல் பிரிப்பதில்லை. பை காலியானதும் சலைன் விட்டு அலசி அதையும் ஏற்றிவிடுவேன், நெய் காய்ச்சிய சட்டியில் சோறு போட்டு வழித்துத் தின்கிற மாதிரி.

நோயை விளக்க நான் பட்டி நாயைத்தான் துணைக்குக் கூப்பிடுவேன். பட்டிக்குக் காவல் நாயே இல்லாதது ஒரு நோய்; பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகள் இந்த வகை. காவலுக்கு இருக்கிற நாயே ஆட்டைக் கடிப்பது இன்னொரு நோய்; லூபஸ், ஸ்கிளீரோடெர்மா எல்லாம் அந்த வகை. (நாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறுவது காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் இப்போது தீராத வழக்கு. அதனால் உவமை சட்டென்று ஏறிவிடுகிறது.)

அப்பாருவின் பேரன் முதல் வகை. ஐந்து மாதம், நாலே கால் கிலோ. வாயெல்லாம் வெள்ளைப் படலம். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி இடம் ஆறாமல் சீழ் வைத்து, இடது அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி. பிசிஜி, உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த தடுப்பூசி. மற்றக் குழந்தைகளுக்கு அது அரண். காவலில்லாத பட்டிக்குள் அதுவே ஓநாய். சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே விஷயம் இருந்தது. கைக்குழந்தைக்கு லிம்போசைட் எண்ணிக்கை 3,000க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும். இவனுக்கு 400. முன்பு பார்த்த இடத்தில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துத் தாளை மடித்துக் கொடுத்திருந்தார்கள். மூத்த பையன் நாலாம் மாதம் நிமோனியாவில் போயிருந்தான். வீட்டில் அதைத் தோஷம் என்று முடித்துவிட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். ஒரே பழுதான ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது. இதை எடுத்துச் சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமானது. எப்படிச் சொன்னாலும் குற்றம் சாட்டுவதுபோல் விழும். காங்கேயம் மாடு வளர்க்கிற அப்பாருவே அதைச் சுலபமாக்கினார். "பூச்சிக்காளைய அது போட்ட கெடாரிக்கே சேத்த மாட்டமுங்க. மாட்டுக்குப் பாத்ததை ஊட்டுல பாக்காம உட்டுட்டமுங்க."

அப்பாரு வீட்டு ஆத்தாவோ, மஜ்ஜை எடுப்பதை எங்கள் கூட்டத்தில் எடுங்கள், பங்காளிகள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நின்றார். கூட்டம் அப்பா வழியில் வருவது. மஜ்ஜைக்குப் பொருத்தம் பார்க்கிற எச்எல்ஏ அப்படி வருவதில்லை. பாதி அப்பாவிடம், பாதி அம்மாவிடம். கூடப் பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. 1968இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் இப்படிப்பட்ட ஐந்து மாதக் குழந்தையைப் பிழைக்க வைத்தது அக்காவின் மஜ்ஜையால்தான். இவனுக்கு அக்கா இல்லை. ஆனால் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எச்எல்ஏ தொகுதி ஒன்று பொதுவாக இருந்தால், பெற்றவரே முழுசாகப் பொருந்திவிடலாம். அம்மா பொருந்தினார். அவரிடமும் பழுதான ஜீன் ஒன்று உண்டு. கூடவே நல்லது ஒன்றும் இருப்பதால் அவர் செல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன.

இடையில் அப்பா, பணம் கட்டிச் சேமித்து வைத்திருந்த தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. இவன் ரத்தத்தில் இருக்கிற பழுது இவன் தொப்புள்கொடியிலும் இருக்கும் என்று விற்கும்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை. குழந்தையின் சொந்த உபயோகத்துக்கென்று இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டு நெறியிலேயே எழுதிவிட்டது. ஆனாலும் வளைகாப்பு முடிவதற்குள் ஏஜென்ட் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

கடிக்கிற நாய்க்குக் கணக்கே வேறு. அங்கே சொந்தச் செல் உதவும். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் லூபஸ் பெண் ஒருவர், "கார்-டி வந்திருச்சாமே அக்கா" என்று போனை நீட்டினார். ஜெர்மனியின் எர்லாங்கனில் 2021இல் லூபஸுக்கு அதைத் தொடங்கினார்கள். நோயாளியின் டி செல்களையே எடுத்து, கடிக்கிற நாயான பி செல்லைத் தேடி அழிக்கப் பழக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். 2024 பிப்ரவரியில் 15 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். அதில் 8 பேர் லூபஸ்காரர்கள். எல்லோராலும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நிறுத்த முடிந்தது. ஆனால் பதினைந்து பேர் என்பது எங்கள் டவுன் பஸ்ஸில் முன்பக்கம் நிற்கிற கூட்டம். நம் நாட்டில் ஐஐடி பம்பாயில் உருவாகி 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, ரத்தப் புற்றுநோய்க்கானது, லூபஸுக்கு அல்ல. முறையான ஆய்வு நடந்தால் டாக்டரைக் கேட்டுச் சேரலாம், மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி என்று போர்டு மாட்டிய இடத்துக்கு மட்டும் போகாதே என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

பை ஏறிய பிறகு எங்களுக்குக் காத்திருப்புதான் வேலை. ஆத்தா கொண்டுவந்த சிவன்மலைத் திருநீற்றை உள்ளே விட முடியாது. பொட்டலத்தைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். தினமும் காலையில் முதலில் பையனின் உள்ளங்கையையும் பாதத்தையும் திருப்பிப் பார்ப்பேன். இரவல் நாய் புதுப் பட்டி ஆட்டைக் கடிக்கத் தொடங்கினால் சிவப்பு பெரும்பாலும் முதலில் அங்கேதான் தெரியும். லேசாக ஒருமுறை தெரிந்தது, மருந்தில் அடங்கியது. பதினாறாம் நாள் நியூட்ரோபில் 500ஐத் தாண்டி, அடுத்த இரண்டு நாளும் இறங்காமல் நின்றது.

ஓ பாசிட்டிவாக வந்தவனுக்கு இப்போது அம்மாவின் பி பாசிட்டிவ். தடுப்பூசிகளை முதலிலிருந்து போட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ கைக்குழந்தை ஒன்று காரணம் தெரியாமல் தவறியிருந்தால், அடுத்த குழந்தைக்குப் பிசிஜி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளில் லிம்போசைட் எவ்வளவு என்று நீங்களே கேளுங்கள்.