ஒரு பற்றரிக் கொழுக்கியும் அம்மம்மாவின் குடையும்

எங்களிட்ட ஒரு லப்டொப் இருக்கு. நாலு பேர் காசு போட்டு, ஆரோ பாவிச்சதை வாங்கினது. அது ஆற்ற வீட்டில கூட நாள் நிக்குது என்பதில் தொடங்கி, ஆர் படம் பார்த்துச் சார்ஜை முடிச்சது என்பதுவரை எல்லாச் சண்டையும் அதை வைத்து நடந்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் கிடந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு வாங்கியபடியால், பற்றரியைக் கையால் கழற்றி மாற்றக்கூடிய பழைய வகை ஒன்றைத்தான் தேடினோம். ஒன்று முடிந்தால் மற்றதைக் கொழுவலாம். எங்களுக்கு இரண்டு பற்றரியும் சேர்ந்தே கிடைத்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. பற்றரியைப் பிடித்து வைக்கிற கொழுக்கியின் மூக்கு உடைந்திருந்தது. விற்றவர், "அது ஒண்டும் செய்யாது தம்பி, மேசையில வைச்சுத்தானே பாவிக்கப்போறியள்" என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க கரண்ட் போன நாள். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால்தான் என்று பிறகு சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலையில் எங்களில் ஒருவரின் அம்மம்மாவுக்கு முன்னால் மைக்கை வைத்து, லப்டொப்பில் பதிவுசெய்துகொண்டிருந்தோம். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட அந்த இரவைப் பற்றி. கேட்டுக் கேட்டு இரண்டு வருசம் கழித்துத்தான் அவ சம்மதித்திருந்தா. ஐம்பது நிமிடம் கதைத்திருப்பா. நடுவில் கரண்ட் போனது. விசிறி நின்றது, பற்றரியில் லப்டொப் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ளுக்க புழுங்குது, விறாந்தைக்கு வாங்கோ பிள்ளையள்" என்று அம்மம்மா எழும்பினா. எங்களில் ஒராள் லப்டொப்பைத் தூக்கினார். பற்றரி அடியால் இரண்டு மில்லிமீற்றர் இறங்கியது. அவ்வளவுதான். திரை கறுத்துப்போனது.

திரும்பப் போட்டபோது கோப்பு இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அளவு பூச்சியம்.

அம்மம்மா கோபிக்கவில்லை. "சொன்னது சொன்னதுதானே, விடுங்கோ" என்றுவிட்டு தேத்தண்ணி போடப் போய்விட்டா. அதுதான் எங்களை இன்னும் சுட்டது.

அந்தக் கிழமையே கொழுக்கியைச் சரிசெய்ய வெளிக்கிட்டோம். ஒரு பின்னேர வேலை என்று நினைத்தோம். மூன்று மாதம் போனது.

முதலில் செய்தது நீங்களும் செய்திருக்கக்கூடியதுதான்: செலோரேப். குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று. இரண்டு நாளில் சூட்டுக்கு பசை இளகி வழுகத் தொடங்கியது. அதைவிட மோசம், காற்றுப் போகிற துவாரத்தில் பாதியை ரேப் மூடியிருந்ததால் மெஷின் அடுப்பு மாதிரிக் கொதித்தது. பிறகு இறப்பர் பட்டி போட்டுப் பார்த்தோம். அது விசைப்பலகைக்கு மேலால் போனது, எழுத ஏலாது. எங்களில் ஒராள் சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைத்து ஒரு கிளிப் செய்துகொண்டு வந்தா. பார்க்க வடிவாய் இருந்தது. ஆனால் பற்றரியின் முனைகளுக்குப் பக்கத்தில் வெறும் உலோகக் கம்பி தொங்குவது நல்லதல்ல. நேர் முனையும் மறை முனையும் தொடுப்பட்டால் லிதியம் பற்றரி நொடியில் சூடேறும். தீயும் பிடிக்கலாம். அதனால் கம்பியைக் கைவிட்டோம். பிளாஸ்ரிக்தான் என்று முடிவெடுத்தோம்.

அப்போதுதான் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தோம். இந்தக் கொழுக்கி உண்மையில் என்ன செய்யவேணும்?

எங்கட பற்றரிக்குள் ஆறு கலங்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், அதனால்தான் அதுக்கு 18650 என்று பெயர். ஒரு கலம் 45 கிராம் அளவில். உறையோடு சேர்த்தால் பற்றரி 300 கிராமுக்குக் கிட்ட. கையில் பிடித்தால் பாரமே இல்லை. ஆனால் பஸ் ஒரு குழிக்குள் விழுந்து குலுங்கும்போது, அந்த அதிர்ச்சி புவியீர்ப்பின் பத்து மடங்கு என்று வைத்தாலே, கொழுக்கியைப் பொறுத்தவரை அது 3 கிலோ. விற்றவர் சொன்ன "மேசையில வைச்சுத்தானே" என்பது ஒரு லப்டொப்புக்குப் பொருந்தாத கதை. மேசையிலேயே இருக்கிறதெண்டால் அதுக்கு ஏன் பற்றரி?

பற்றரியின் ஒரு பக்கத்தில் இரண்டு நாக்குகள் இருக்கும், அவை உடம்பில் உள்ள குழிகளுக்குள் போகும். மற்றப் பக்கத்தைத்தான் கொழுக்கி பிடிக்கிறது. நாங்கள் அடிமூடியைக் கழற்றி, உடைந்த துண்டை எடுத்து, அது இருந்த இரண்டு திருகாணித் துளைகளையும் அளந்து, அதே இடத்தில் பொருந்துகிற ஒரு வளையும் கையை வரைந்தோம். கையின் நுனியில் ஒரு பல். பற்றரி உள்ளே போகும்போது கை பின்னால் வளைந்து இடம் விடும், போனதும் திரும்ப வந்து பிடிக்கும். பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியின் மூடி, பாக் வார்க் கிளிப் எல்லாம் இந்த வேலைதான் செய்கின்றன. கம்பஸில் படிக்கிற ஒரு அண்ணா முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அதை அடித்துத் தந்தார்.

மூன்றாம் தரம் பற்றரியைக் கழற்றும்போது டக்கென்று முறிந்தது.

எங்களில் ஒராள் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவ. அவதான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டா. ஒரு முனை பொருத்தப்பட்ட கை வளையும்போது, அடியில் வருகிற விகாரம் இப்படி: 1.5 ஐ தடிப்பால் பெருக்கி, நுனி வளையும் தூரத்தால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் பிரிக்கவேணும். எங்கட கை 2 மில்லிமீற்றர் தடிப்பு, 10 மில்லிமீற்றர் நீளம், நுனி 1.5 மில்லிமீற்றர் வளையவேணும். விடை 4.5 வீதம். அந்த அச்சுப் பிளாஸ்ரிக்குக் கொஞ்சம் கூடத்தான். நாங்கள் எல்லாரும் "அப்ப இன்னும் தடிப்பாக்குவம்" என்றோம். அவ சிரித்தா. தடிப்பைக் கூட்டினால் விகாரமும் கூடும், இன்னும் கெதியாக முறியும். நீளத்தைக் கூட்டவேணும். நீளம் வர்க்கத்தில் வருவதால், 20 மில்லிமீற்றர் ஆக்கினால் விகாரம் நாலில் ஒன்றாகக் குறைந்து 1.1 வீதமளவில் வந்துவிடும். உறுதியாக இருக்கவேணும் என்றால் தடிப்பாக இருக்கவேணும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

முறிந்த துண்டைப் பார்த்தபோது இன்னும் இரண்டு விசயம் விளங்கியது. ஒன்று, கையை நிமிர்த்தி வைத்து அச்சடித்திருந்தோம், அதனால் படைகள் குறுக்கே ஒட்டியிருந்தன, வளைக்கும்போது இரண்டு படைக்கு நடுவில் பிரிந்துவிட்டது. படுக்கவைத்து அடித்தால் படைகள் கையின் நீளத்துக்கு ஓடும். மற்றது, கை தொடங்குகிற மூலை கூராக இருந்தது. கூரான மூலையில்தான் தகைப்பு வந்து குவியும். அதை வளைவாக்கவேணும்.

அடுத்ததை நீளமாக, படுக்கவைத்து, மூலை வளைத்து அடித்தோம். முறியவில்லை. ஆனால் சைக்கிளில் கொண்டுபோனால் தானாகக் கழன்றது. பல்லின் இரண்டு பக்கத்தையும் ஒரே சரிவாக வெட்டியிருந்தோம், அதுதான் பிழை. உள்ளே போகிற பக்கம் 30 பாகை போலச் சரிவாக இருந்தால் போதும். பிடிக்கிற பக்கம் செங்குத்தாக இருக்கவேணும். சரிவாக இருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும்.

செங்குத்தாக்கினோம். பிடித்தது. ஆனாலும் பாக்குக்குள் ஏதோ ஒரு கொப்பி மூலை, விடுவிக்கிற நெம்பை அழுத்த, ஒருநாள் பற்றரி தனியாகப் பாக்கின் அடியில் கிடந்தது. அதோடு இன்னொரு பிரச்சினை. பல் பிடித்திருந்தாலும் பற்றரி உள்ளுக்குள் கடகடவென்று ஆடியது. ஆடினால் தொடுகை விட்டு விட்டு வரும். ஒரு கணம் விட்டாலே மெஷின் நின்றுவிடும். எங்கட ஐம்பது நிமிடம் போனதும் அப்படித்தான்.

இதற்கிடையில் அம்மம்மா வீட்டுக்கு வேறு அலுவலாகப் போயிருந்தோம். கதைத்துக்கொண்டிருக்கும்போது அவ சட்டையில் குத்தியிருந்த சட்டைப்பின்னைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தா. அது அவவின்ர பழக்கம். எங்களில் ஒராள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்ததும், "அந்தச் சட்டைப்பின்தான்ரா விசயம்" என்றார்.

யோசித்துப் பாருங்கோ. சட்டைப்பின்னின் சுருள் எப்போதும் ஊசியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளல்தான் ஊசியை மூடிக்குள் ஆடாமல் வைத்திருக்கிறது. கழற்றவேணும் என்றால் முதலில் உள்ளே அழுத்தவேணும், பிறகு பக்கவாட்டில் நகர்த்தவேணும். ஒன்றை மட்டும் செய்தால் கழராது. தற்செயலாக இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது அரிது. அதனால்தான் குழந்தைப்பிள்ளையின் துணியிலும் குத்த முடிகிறது. வோல்ரர் ஹண்ட் என்ற அமெரிக்கர் 1849 இல் இதற்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார். நாங்கள் மூன்று மாதமாகத் தேடியது எங்கட எல்லா அம்மாமாரின் சட்டையிலும் குத்திக்கிடந்திருக்கிறது.

பற்றரிக்கு அடியில் மெல்லிய ஸ்பொஞ் பட்டை ஒன்றை ஒட்டினோம், தொடுகைகளில் படாமல். இப்போது பற்றரி எப்போதும் பல்லை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆட்டம் நின்றது. பிறகு கைக்குப் பின்னால், அது வளைகிற இடைவெளிக்குள், நகர்த்தக்கூடிய ஒரு சின்ன ஆப்பு. ஆப்பு உள்ளே இருக்கும்வரை கை வளைய இடமில்லை, நெம்பை எவ்வளவு அழுத்தினாலும் திறக்காது. ஒரு கையால் ஆப்பை விலக்கி, மற்றக் கையால் நெம்பை இழுத்தால்தான் பற்றரி வரும். பிறகு பார்த்தால், பழைய திங்க்பாட் வகைகள் பலவற்றின் அடியில் இரண்டு கொழுக்கிகள் இருப்பதும் இதற்குத்தான். ஒன்று வில்லால் தானே திரும்பி வரும், மற்றது நாங்கள் நகர்த்தினால் மட்டும் நகரும். இரண்டு எதற்கு என்று முந்தி ஒருநாளும் யோசித்ததில்லை.

இருநூறு தரம் கழற்றிக் கொழுவினோம். ஆளுக்கு ஐம்பது. பாக்கில் போட்டு பஸ்ஸிலும், கிரவல் ரோட்டில் சைக்கிளிலும் கொண்டுபோனோம். தாங்கியது.

இப்ப வருகிற லப்டொப்புகளில் இந்தத் தலையிடியே இல்லையே என்று சிலர் கேட்டார்கள். உண்மைதான். 2008 இல் மக்புக் எயார் பற்றரியை உள்ளே வைத்து மூடிக்கொண்டு வந்தது, பிறகு மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். மெல்லிசாக வந்தது, கழன்று விழாது. ஆனால் பற்றரி செத்தால் கடைக்குத்தான் போகவேணும், சிலதில் பசையைச் சுரண்டித்தான் எடுக்கவேணும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த பற்றரிச் சட்டப்படி, 2027 பெப்ரவரி 18 இலிருந்து அங்கே விற்கிற பெரும்பாலான சாதனங்களில் பாவிக்கிறவரே பற்றரியைக் கழற்றக்கூடியதாக இருக்கவேணும். அப்போது மறுபடியும் ஆரோ ஒருவர் உட்கார்ந்து இதே கேள்வியை யோசிக்கவேணும்: தானாகக் கழரக்கூடாது, கழற்ற நினைக்கிறவருக்குக் கழரவேணும்.

மே மாதம் அம்மம்மாவிடம் திரும்பப் போனோம். லப்டொப்பைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிக் காட்டினோம். "இந்த முறை கழராதோ?" என்று கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தா. இருபது நிமிடம் கதைத்தா. செம்மணி வீதி, சனம், மழை, நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லாமல் நின்றது. எல்லாம் பதிவானது.

முதல்முறை ஒரு குடையைப் பற்றிச் சொல்லியிருந்தா. இருட்டில் முன்பின் தெரியாத ஒராள் கைக்குழந்தைக்குப் பிடியுங்கோ என்று தன் குடையைத் தந்துவிட்டு மழைக்குள்ளேயே போனாராம். அந்தக் குழந்தை எங்களில் ஒருவரின் மாமி. இந்தமுறை அது வரவில்லை. கடைசியில் நாங்களே கேட்டோம், "அம்மம்மா, அந்தக் குடை?"

அவ கொஞ்ச நேரம் யோசித்தா. "எந்தக் குடை பிள்ளை?"

அந்த இடமும் பதிவில் இருக்கிறது. அழிக்கவில்லை. கோப்பை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறோம். குடையை எங்கள் நாலு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதன் நிறம் கறுப்பு என்று இரண்டு பேர் சொல்கிறோம், அவ நிறம் சொல்லவேயில்லை என்று இரண்டு பேர்.

உங்கட லப்டொப்பின் பற்றரியை ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ.